அம்மா மூன்று முறை அழுத படம்

பதுளையில் நான் படித்த பல்கலைக்கழகத்தில் புதன்கிழமை தோறும் பின்னேரம் மூன்று மணிக்குப் படம் காட்டினார்கள். பழைய விரிவுரை மண்டபம் ஒன்றின் யன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, பெரிய திரை கட்டி, அதைத்தான் திரையரங்கு என்று சொன்னோம். ஆங்கிலம் கற்பித்த விரிவுரையாளர் ஒருவர் அந்தத் தொடரை நடத்தினார். ஒரு வாரம் பேச்சே இல்லாத பழைய படம், அடுத்த வாரம் பாலைவன நாட்டுப் படம், அதற்கடுத்த வாரம் களிமண் பொம்மைகளை அசைத்து அசைத்து எடுத்த படம். ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று மொழிகளிலும் ஒரு பக்கக் குறிப்பு அச்சடித்து வாசலில் கொடுக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தமிழ்ப் பக்கத்தை எழுதியது நான்.

எனக்கு அந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவள் நான். வளாகத்தில் வேறு எந்தக் காரியத்துக்கும் என்னை யாரும் தேடியதில்லை. புதன்கிழமைகளில் மட்டும், "தமிழ்ப் பக்கம் தயாரா?" என்று யாராவது கேட்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு கிழவன் தன் கழுதையை விற்றுவிட்டு வீட்டுக்கு நடக்கிற காட்சியில் என் வகுப்பு முழுக்க அழுததை நான் பார்த்திருக்கிறேன். நானும் அழுதிருக்கிறேன். படம் முடிந்து வெளியே வந்ததும் அவர்கள் தங்கள் கூட்டத்தோடு போவார்கள், நான் பஸ் நிலையத்துக்குப் போவேன்.

ஒன்பதாவது வாரத்தை மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். கண்டியிலிருந்து வந்து படித்த ஒரு சீனியர் மாணவி என்னிடம் வந்தாள். சிங்களத்தில்தான் பேசுவோம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி எடுக்க ஆசை, ஆனால் யாரையும் தெரியாது என்றாள். எல்லோரும் எடுக்கிற மாதிரி கூடையும் பனியுமாக இல்லாமல் ஒரே ஒரு பெண்ணின் கதை வேண்டும் என்றாள். நான் யோசிக்கவே இல்லை. என் அக்கா இறந்த கதையைச் சொன்னேன். அம்மா பேசுவாள் என்றும் நானே சொன்னேன்.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதியதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனாள். "ரெண்டு பேரும் படிச்சா வீட்ட யாரு பாக்குறது? நீ படி" என்று அவளே முடிவு செய்தாள். நான் உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வருஷம், மலையில் ஒரு மரத்திலிருந்த குளவிக்கூடு கலைந்தது. அம்மாவும் அக்காவும் அன்று பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் தலையிலும் முகத்திலும் கொட்டாத இடம் இல்லை. தோட்டத்து லொறியில் பதுளைக்குக் கொண்டுபோகிற வழியில் உயிர் போய்விட்டது.

அம்மாவுக்கும் கழுத்திலும் முதுகிலும் கொட்டியிருந்தது. அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் லயத்தில் அப்படி ஒரு பேச்சு வந்தது. மகளைக் காப்பாற்ற அவள்மேல் படுத்துக்கொண்டாளாம், அதனால்தான் முதுகு முழுக்கக் குளவியாம். யார் முதலில் சொன்னார்கள் என்று தெரியவில்லை. அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா சொன்னார். "இவ மேல படுத்துக்கலன்னா புள்ள அந்த எடத்துலயே முடிஞ்சிருக்கும். லொறி வரைக்கும் உசிரு இருந்துச்சுன்னா அது இவளாலதாங்க." அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மாவிடம் அதுவரை இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத மனிதர், அக்கா போனபிறகு அவளுக்குத் தானே தேநீர் ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சீனியர் வந்தாள். கமெராவும் அதை நிறுத்தும் முக்காலியும் கொண்டுவந்தாள். ஒலிவாங்கியைப் பிடிக்க அவளுடைய தோழி ஒருத்தியும் வந்தாள். அப்பாவுக்கு அன்றும் தொழிற்சாலையில் வேலை. அம்மாவை லயத்துப் படிக்கட்டில் உட்காரவைத்து, பின்னால் கதவு தெரிகிற மாதிரி கமெராவை வைத்தார்கள். சீனியர் கேட்பதை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லவேண்டும். அம்மா சொல்வதை அவளுக்குச் சிங்களத்தில் சொல்லவேண்டும்.

அம்மா எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னாள். காலையில் பெயர் கொடுத்து வேலை வாங்கப் பெரட்டுக்குப் போனது, மலைக்கு ஏறியது, மரத்தடியில் அக்கா நின்றது. அந்த இடத்துக்கு வந்ததும் அழுதாள். சீனியரின் கண்ணும் கலங்கியிருந்தது. ஆனால் தோழி தலையில் மாட்டியிருந்த கருவியைக் கழற்றி ஏதோ சொன்னாள். பக்கத்து வீட்டு ரேடியோ சத்தம் நன்றாக விழுந்துவிட்டதாம்.

"அம்மா, இன்னொரு தடவை சொல்லணுமாம்" என்றேன்.

"அழுததையுமா?"

நான் சீனியரைக் கேட்டேன். அவள் கூச்சத்தோடு தலையாட்டினாள். வருமென்றால் நல்லது என்றாள்.

"அழுதா நல்லதாம்" என்றேன்.

நான் போய் ரேடியோவை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் தடவையும் அம்மா அழுதாள். ஆனால் அழும்போது சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். முகம் தெரிந்தால்தான் காட்சி என்று சீனியர் மெதுவாகச் சொன்னாள். மன்னிப்பும் கேட்டாள்.

"மூஞ்சிய மூட வேணாமாம். கடைசித் தடவைம்மா."

அம்மா கொஞ்ச நேரம் கமெராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் தடவை காலையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. வேறு யாருடைய குரலிலோ பேசுவதுபோல் பேசினாள்.

"நான் மேல படுக்கல. குளவி வந்ததும் ஓடுனேன். அவ கால் கானுக்குள்ள மாட்டிக்கிச்சு. அம்மா, அம்மான்னு கூப்பிட்டா. எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்கல. ரோட்டுக்கு வந்தப்பறந்தான் நின்னேன். அப்பவும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தா."

கான் என்றால் தேயிலை நிரைகளுக்கிடையே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய பள்ளம். அதில் ஒரு கால் இறங்கினால் இழுத்தெடுப்பது கஷ்டம். எனக்குத் தெரியும், நானும் அந்த மலையில் விளையாடியவள்தான்.

அதன்பிறகுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. சத்தம் இல்லாமல், வாயைத் திறந்தபடி அழுதாள். முகத்தை மூடவில்லை. சீனியருக்குத் தமிழ் புரியாது. ஆனால் ஏதோ நடந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. என்ன சொன்னார் என்று என்னைக் கேட்டாள். நான் ஒரு வார்த்தையும் விடாமல் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. அது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கடைசியா சொன்னது படத்துல வேணாம்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லு. ஒங்கப்பாவுக்குத் தெரியாது."

நான் சீனியர் பக்கம் திரும்பினேன். "அம்மாவுக்குக் களைப்பாக இருக்கிறதாம். இத்தோடு போதுமாம்" என்று சிங்களத்தில் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் கடையில் பருப்பும் சவர்க்காரமும் கேட்கிற அளவுதான் என்பது என் நினைப்பு.

சீனியர் கைகூப்பி அம்மாவுக்கு நன்றி சொன்னாள்.

"சொல்லிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

"சொல்லிட்டேன்."

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிறகு பல பேருக்கு மனதுக்குள் விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். படம் நன்றாக வரவேண்டும் என்று நினைத்தேன் என்பது ஒரு விளக்கம். அது பொய். அக்கா கூப்பிட்டிருக்கிறாள், அம்மா திரும்பிப் பார்க்கவில்லை, அப்பா ஊற்றிக் கொடுத்த தேநீரைத் தினமும் வாங்கிக் குடித்திருக்கிறாள். அந்தக் கணத்தில் எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. அப்பாவுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். என் வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. திரை சொல்லட்டும் என்று விட்டேன்.

எழுத்துகள் போட இரண்டு பின்னேரங்கள் சீனியரோடு கணினி முன்னால் உட்கார்ந்தேன். அம்மாவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கீழே சிங்களமும் ஆங்கிலமும் வரவேண்டும். "திரும்பிப் பாக்கல" என்பதற்கு நான்கு விதமாக எழுதி, அதில் சிறந்ததை எடுத்தேன். சீனியருக்கு மனதில் ஏதோ உறுத்தியது. "இதைக் காட்டுவதில் வீட்டாருக்குப் பிரச்சினை இல்லையா?" என்று கேட்டாள்.

"அம்மாவே இது இருக்கட்டும் என்றுதான் சொன்னார்" என்றேன்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் அதுவரை பல்கலைக்கழகத்தின் வாசலைத் தாண்டியவர் இல்லை. "நான் அங்க வந்து என்னா செய்யப்போறேன்" என்றார்.

"அக்காவப் பத்தின படம்ப்பா. நீங்க வராம எப்படி?"

அரை நாள் லீவு எடுத்துக்கொண்டார். கல்யாண வீடுகளுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார். அம்மா கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. அப்பா செருப்பு மாட்டும்போது, "நானும் வாறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அரங்கு நிறைந்திருந்தது. அன்று ஐந்து குறும்படங்கள். எங்களுடையது மூன்றாவது. முதல் இரண்டும் சிரிப்புப் படங்கள், அப்பாவும் சிரித்தார். திரையில் எங்கள் லயம் வந்தபோது அவர் அம்மாவை முழங்கையால் தட்டி, "நம்ம படி" என்றார். அம்மாவின் முகம் ஒரு கதவளவுக்குப் பெரிதாக வந்தது. சீனியர் முதல் இரண்டு தடவை எடுத்ததை எல்லாம் தூக்கிப்போட்டிருந்தாள். மூன்றாவது மட்டும்தான் இருந்தது, வெட்டாமல்.

நான் திரையைப் பார்க்கவில்லை. ஒரே வரிசையில் அப்பாவுக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். திரை வெளிச்சத்தில் அப்பாவின் முகம் நன்றாகத் தெரிந்தது. "நான் மேல படுக்கல" என்று அரங்கின் இரண்டு பக்கத்து ஸ்பீக்கரிலும் அம்மாவின் குரல் வந்ததும், அவர் சிரிப்பு மாறாமல் இருந்தார். புரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் முன்னால் சாய்ந்தார். காது கேட்காதவர் சாய்வதைப்போல் சாய்ந்தார். "அப்பவும் கூப்பிட்டுக்கிட்டுதான் இருந்தா" என்றபோது அவருடைய வாய் லேசாக அசைந்தது, தானும் அதைச் சொல்லிப் பார்ப்பதுபோல. அம்மா நேராகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கைதட்டல் நீண்டநேரம் ஓயவில்லை. பல பேர் அழுதார்கள். என்னிடம் மூன்று வருஷமாக ஒரு வார்த்தை பேசாத பெண் பின்வரிசையிலிருந்து வந்து என் தோளைத் தொட்டாள். விரிவுரையாளர் மேடையேறி, படத்தில் பேசிய தாய் நம்மோடு இங்கேயே இருக்கிறார் என்று அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அம்மாவை முன்னால் அழைத்து ஒரு பூங்கொத்துக் கொடுத்தார்கள். மொழிபெயர்க்க நானும் போனேன்.

ஒரு மாணவன் மரியாதையாகக் கேட்டான், இவ்வளவு நாள் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்ட பிறகு அம்மாவின் பாரம் குறைந்ததா என்று.

நான் அதைத் தமிழில் கேட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள். பூங்கொத்தை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் குழந்தையைப்போல் இடுப்பில் வைத்திருந்தாள்.

"நல்லா எடுத்திருக்காங்கன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். மறுபடியும் கைதட்டினார்கள்.

நாங்கள் இறங்கி வந்தபோது அப்பாவின் நாற்காலி காலியாக இருந்தது. பஸ் நிலையத்தில் எங்கள் பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. அம்மா அதைத் தாண்டிப் பின்னால் போய் உட்கார்ந்தாள். நான் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா அடிக்கவில்லை, கத்தவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அக்காவின் படத்துக்கு விளக்கு ஏற்றினார். அது தினமும் அம்மா ஏற்றும் விளக்கு. ஏற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார்.

"எத்தன தடவ கூப்பிட்டா?"

அம்மா அடுப்படியில் நின்றாள். "தெரியல."

"கேட்டுச்சுன்னு சொன்னியே. எத்தன தடவ?"

"மூணு, நாலு இருக்கும்."

அவர் தலையாட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். மறுநாளும் விளக்கு ஏற்றினார், மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும் கேட்டார். குரலை உயர்த்தாமல், கடிகாரத்தில் மணி என்ன என்று கேட்கிற மாதிரி கேட்பார். அம்மா ஒருநாள் ஐந்து என்பாள், ஒருநாள் எண்ணவில்லை என்பாள். "நேத்து அஞ்சுன்ன" என்பார் அப்பா. மழை நாளோ திருவிழா நாளோ, ஒருநாள்கூட அவர் விடவில்லை. தேநீரைத் தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டார்.

படம் போன்களில் ஏறி லயத்துக்கும் வந்துவிட்டது. நான் யாருக்கும் அனுப்பவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. மலையில் பெண்கள் அம்மாவுக்குப் பக்கத்து நிரையை எடுக்க மறுத்தார்கள். "அவ பக்கத்துலயா? எனக்குப் புள்ளைங்க இருக்கு சாமி" என்று ஒருத்தி பெரட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாளாம். இன்னொருத்தி, "ஓடுறதா இருந்தா எங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டு ஓடுக்கா" என்றாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். கங்காணி அம்மாவைத் தனியாக மலையின் ஓரத்துக்கு அனுப்பினார். இதை எல்லாம் அடுத்த வீட்டுப் பெண் என்னிடம் வந்து சொன்னாள், நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தவளைப்போல. ஒரு வாரம் நான் சந்தோஷப்பட்டேன்தான். அதன்பிறகு வீட்டுக்குப் போகும் நேரத்தைத் தள்ளிப்போட ஆரம்பித்தேன். விளக்கு ஏற்றி முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான் லயத்துப் படியில் ஏறுவேன்.

எட்டு மாதம் அம்மா பொறுத்தாள். ஒரு நாள் காலையில் இரண்டு பைகளில் துணியை எடுத்துக்கொண்டு தெமோதரையில் இருக்கும் மாமா வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பா தடுக்கவில்லை. அன்று பின்னேரம் விளக்கை ஏற்றிவிட்டு, வழக்கம்போல் வாயைத் திறந்தார். அடுப்படியில் நான் நின்றிருந்தேன். என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நீ அந்தப் படத்த முன்னாடியே பாத்துட்டியா?"

"ஆமாப்பா."

"தெரிஞ்சுதான் என்னையக் கூட்டிட்டுப் போன."

அவர் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தன் சோற்றைத் தானே ஆக்கிக்கொள்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பானை. இப்போது பதுளையில் ஓர் அலுவலகத்தில் கடிதங்கள் மொழிபெயர்க்கிற வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது, "சரி" என்றார்.

சீனியர் படிப்பு முடிந்து போய்விட்டாள். படம் வேறு ஊர்களிலும் காட்டப்படுகிறதாம். எங்கோ ஒரு மேடையில் அவள் மாலையோடு நிற்கிற படத்தை எனக்கு அனுப்பினாள். "அம்மாவுக்கு என் அன்பைச் சொல்" என்று கீழே எழுதியிருந்தாள். அந்தச் செய்தியைச் சொல்வதையே சாக்காக வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை தெமோதரைக்குப் போனேன்.

அம்மா மாமா வீட்டுப் பின்பக்கக் கோடியில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். நான் சீனியரின் அன்பைச் சொல்லவில்லை. நின்றபடியே மற்றதைச் சொன்னேன். "அன்னைக்கு நீங்க வேணாம்னு சொன்னத நான் அந்தப் படம் எடுத்த அக்காகிட்ட சொல்லலம்மா."

அவள் கத்தியை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"எப்படி?"

"முப்பது வருஷமா சிங்களத் தொரைகிட்டயும் கணக்கப்புள்ளகிட்டயும் பேச்சு வாங்குறேன். களைப்பா இருக்குன்னு நீ சொன்னது வெளங்காதா?"

"அப்ப ஏம்மா வந்தீங்க? அப்பாவையாவது நிறுத்தியிருக்கலாமே."

அம்மா பிளந்த விறகைப் பக்கத்தில் அடுக்கினாள். "நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். வீட்டுலருந்து கெளம்புறப்ப பாத்தேன். பஸ்ஸுல பாத்தேன். அங்க உள்ள போயி உக்காந்து, மொத ரெண்டு படமும் ஓடுற வரைக்கும் பாத்தேன். எந்திரிச்சுப் போயி நிறுத்தச் சொல்லுவன்னு நெனச்சேன்."

பிறகு அடுத்த கட்டையை எடுத்து நிறுத்தினாள்.

"நான் ஓடுனப்ப எனக்குப் பயம். ஒனக்கு என்னா?"

மாமி தேநீர் கொண்டுவந்தாள். நான் நின்றுகொண்டே குடித்தேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றேன்.

"நாலே காலுக்கு பதுள பஸ் இருக்கு. அதுல போயிரு" என்றாள்.

போய்விட்டேன். அடுத்த வாரம் போகவில்லை. அவள் வரச் சொல்லவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் போனுக்கு எடுப்பேன். அம்மா தண்ணிக்குப் போயிருக்கிறாள், கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்று மாமா ஏதாவது சொல்லுவார். அவர் அதைச் சொல்லும்போது பக்கத்தில் அம்மா இருமுவது எனக்குக் கேட்கும்.